புறாக் காத்து

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுக்கிக்கிடுங்க. கூடைய மேல வைக்க முடியாது, உள்ள உயிரு இருக்கு. புறாதான், ஒரு ஜோடி. பயப்படாதீங்க, கொத்தாது. எறக்கைய நூல் போட்டுக் கட்டியிருக்கேன், பறக்கவும் பறக்காது. கண்டக்டர் இதுக்கும் டிக்கெட் எடுக்கணும்னு சண்டைக்கு வந்தாரு. விக்கக் கொண்டு போகலய்யா, ஒரு சீக்காளிப் பிள்ளைக்குக் கொண்டு போறேன்னு சொன்னேன். பேசாம போயிட்டாரு. நல்ல மனுசன்.

நீங்க எதுவரைக்கும்? கோவில்பட்டியா? நான் சாத்தூர்ல எறங்கணும். இப்பதான விருதுநகரைத் தாண்டியிருக்கு, நேரம் கெடக்கு.

ஆமா, சீக்காளிப் பிள்ளைக்குத்தான். எஸ்தர்னு பேரு, காலேஜ் படிக்கிற பொண்ணு. ரத்தத்துல புத்து. என் வீட்டுக்காரிக்கு வந்த அதே சீக்குதான். மதுரையில ஒரே ஆஸ்பத்திரியில பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்து ரெண்டு பேரும் மருந்து ஏத்திக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு இவள அத்தை அத்தைன்னுதான் கூப்பிடும். நேத்து அவங்க அம்மா போன் பண்ணுனாங்க. திரும்பவும் மருந்து ஏத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்காங்களாம். பிள்ளைக்கு லேசா இருமல் இருக்கு, படியேறுனா மூச்சு வாங்குதுன்னாங்க. அதுக்கு மேல எனக்கு வீட்ல இருப்புக் கொள்ளல. ஜோடியப் பிடிச்சுக் கூடையில போட்டுக் கெளம்பிட்டேன்.

புறா எதுக்குன்னு கேக்கீங்களா? என்ன அண்ணாச்சி, இது கூடத் தெரியாதா? புறா சிறகடிக்கிற காத்து நெஞ்சுக்கு நல்லது. எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. கை கால் விழுந்தவங்க பக்கத்துல விடுவாங்க, மூச்சுக் கோளாறு உள்ளவங்க பக்கத்துல விடுவாங்க. அந்தக் காத்து மேல படணும், அவ்வளவுதான். காசு பணம் செலவு இல்லாத வைத்தியம். டாக்டருங்க ஒத்துக்கிட மாட்டாங்க, அது வேற விசயம்.

சொர்ணத்துக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன். சொர்ணம்னா என் வீட்டுக்காரி. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. நான் பருப்பு மில்லுல மூட்டை எடை போடுறவன். காலையில போனா சாயந்தரம் வருவேன், வந்ததும் வாசல்லயே நின்னு இன்னைக்கு யாரு கூட சண்டை போட்டீங்கன்னு கேப்பா. எனக்குக் கோவம் கொஞ்சம் முன்னால வரும். மில்லுல எல்லாரும் சொல்லுவாங்க, அவளும் சொல்லுவா. ஆனா அவ சொன்னா நான் கேப்பேன். வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்.

மொதல்ல பல்லு வெளக்கும்போது ஈறுல ரத்தம் வந்துச்சு. பிரஷ்ஷு சரியில்லன்னு புது பிரஷ் வாங்கிக் குடுத்தேன். அப்புறம் கையில, தொடையில, எங்க இடிச்சாலும் கன்னிப்போயி நீலம் பாஞ்சு நின்னுச்சு. பக்கத்து வீட்டுக்காரி என்னைய ஒரு மாதிரி பாத்தா. நான் போட்டு அடிக்கிறேன்னு நெனைச்சுட்டா போல. வாசல்ல நின்னு கிழிகிழின்னு கிழிச்சுட்டேன் அவள. சொர்ணம் உள்ள இருந்து சிரிச்சுக்கிட்டே, ஒங்களுக்கு அடிக்கவும் தெரியாது, அடிக்கலன்னு சொல்லவும் தெரியாது, உள்ள வாங்கன்னா. அன்னைக்குச் சிரிச்சா. அதுக்கப்புறம் காய்ச்சல் வந்து விடவே இல்ல, மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம், எலும்புல ஊசி போட்டுப் பாத்துட்டு சொன்னாங்க.

சொன்ன அன்னைக்கு நான் ஆஸ்பத்திரி வாசல்ல சைக்கிள் ஸ்டாண்டுக்காரன் கூட சண்டை போட்டேன். எதுக்குன்னு இப்ப ஞாபகம் இல்ல.

மருந்து ஏத்துனதும் முடியெல்லாம் போச்சு. அது போனாப் போகுது. ரத்தத்துல வெள்ளை அணு சுத்தமா இறங்கிரும்னு சொன்னாங்க. அந்த நேரத்துல ஒரு பொடி கிருமி வந்தாக்கூட தாங்காது, வீட்ல பத்திரமா வச்சுக்கிடணும்னாங்க. அந்த டாக்டர் தன்மையானவரு. உக்கார வச்சு நிதானமாச் சொன்னாரு. தண்ணி கொதிக்க வச்சுக் குடுங்க. பச்சைக் காய் வேண்டாம். பூ வைக்க வேண்டாம். சாம்பிராணி போட வேண்டாம். தூசி ஆகாது. சளி இருமல் உள்ளவங்கள வீட்டுப் படி ஏத்தாதீங்க. நாய் பூனை இருந்தா தள்ளி வைங்க. எங்ககிட்ட நாயும் இல்ல, பூனையும் இல்ல. அதனால அந்தக் கவலை இல்ல.

நான் பாத்த மாதிரி யாரும் பாத்திருக்க முடியாது அண்ணாச்சி. பெருமைக்குச் சொல்லல. மில்லுல பருப்புத் தூசின்னா எப்படி இருக்கும் தெரியுமா, மூக்கச் சிந்துனா மஞ்சளா வரும். அந்தத் தூசி அவகிட்ட அண்டக்கூடாதுன்னு லீவு போட்டேன். சம்பளம் இல்லன்னாங்க, சரின்னேன். லீவு முடிஞ்சு போக வேண்டி வந்தப்போ, சாயந்தரம் வந்ததும் கொல்லையில சட்டையக் கழட்டிப் போட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் உள்ள போவேன். மார்கழிக் குளிரு, நடுங்கிக்கிட்டே ஊத்துவேன். சொர்ணம் ஜன்னல் வழியாப் பாத்துட்டு, மாலை போட்டிருக்கீங்களா சாமின்னு கேலி பேசுவா.

அப்பத்தான் இந்தப் புறா யோசனை வந்துச்சு. அவளுக்கு நடந்தா எளைக்கும். ரத்தம் கம்மியா இருக்குறதால எளைக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. எளைப்புன்னா மூச்சுதான, மூச்சுன்னா நெஞ்சுதான. ஞாயித்துக்கிழமை சந்தையில போயி இந்த ஜோடிய வாங்கிட்டு வந்தேன். வெள்ளை ஒண்ணு, சாம்பல்ல கழுத்து மினுக்குறது ஒண்ணு. ஜன்னல்ல பலகை அடிச்சு, வலை போட்டு, அவ கட்டில் தலைமாட்டுலயே கூண்டு கட்டிட்டேன்.

அவளுக்கு என்ன சந்தோசம்ங்கிறீங்க. வெளிய போக முடியாம, ஒரு மனுசரப் பாக்க முடியாம அடைஞ்சு கெடந்தவளுக்கு அது ரெண்டுந்தான் பேச்சுத் தொணை. வெள்ளைக்குப் பொண்ணுன்னு பேரு வச்சா, சாம்பலுக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளை இன்னைக்கு ஒரே கோவம், பொண்ணு பக்கத்துல விடமாட்டேங்குது, ஒங்கள மாதிரியே இருக்காருன்னு சொல்லுவா. காலையிலயும் சாயந்தரமும் கூண்டத் தெறந்து விட்டு நான் கை தட்டுவேன். ரூமுக்குள்ளயே படபடன்னு சுத்தும். அந்தக் காத்து அவ மொட்டைத் தலையில படும். கண்ண மூடிக்கிட்டு, ஆகா, குளுகுளுன்னு இருக்குங்கன்னு சொல்லுவா. இத்தனை வருசத்துல நான் வாங்கிக் குடுத்த ஒண்ணை அப்படி ரசிச்சு அவ பாத்ததில்ல.

சுத்தம்னா அப்படிச் சுத்தம். புறா வச்சிருக்குற வீட்டுக்குப் போனா நாத்தம் கொடலப் பெரட்டும். எங்க வீட்ல அந்தப் பேச்சே கிடையாது. எச்சம் காஞ்சதும் தகரத்த வச்சு சுரண்டி, வெளக்கமாத்தால பெருக்கி அள்ளிருவேன். ஒரு நாள் விட்டது கிடையாது. அவ கட்டிலுக்கு அடியில கூட குனிஞ்சு பெருக்குவேன்.

என்ன அண்ணாச்சி, மூக்கப் பொத்துறீங்க? வாடை வருதா? துண்டு போட்டு மூடிக்கிடுறேன். இப்பச் சரியா?

நல்லாத்தான் இருந்தா. பொங்கலுக்கு அவளே எந்திரிச்சு உக்காந்து கரும்பு வேணும்னு கேட்டா. பச்சையா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு நான் குடுக்கல. ஒரு துண்டு குடுத்திருக்கலாம்னு இப்பத் தோணுது. ஆனா அப்படிக் கண்டிசனா இருந்தேன். அவ்வளவு கண்டிசனா இருந்த வீட்டுக்குள்ளதான் அந்த மகராசி வந்தா.

யாரா? பூரணத்தக்கா. சொர்ணத்தோட அண்ணன் பொண்டாட்டி. எனக்கு அக்கா முறை, இவளுக்கு மதினி. மதினின்னா இவளுக்கு உசிரு. அம்மா இல்லாத பிள்ளை, பூரணத்தக்காதான் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் கட்டி வச்சாங்க. மாட்டுப் பொங்கலன்னைக்கு வந்துட்டாங்க, பேத்தியக் கையில பிடிச்சுக்கிட்டு. அந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது, லொக்கு லொக்குன்னு இருமுது. வாசல்லயே நிப்பாட்டுனேன். மூஞ்சிய மட்டும் பாத்துட்டுப் போயிருதேன் தம்பின்னு சொல்லி, பிள்ளைய வாசல்ல உக்கார வச்சுட்டு, மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டு உள்ள போனாங்க. கட்டில் பக்கத்துல கூடப் போகல, கதவுகிட்ட நின்னுதான் பேசுனாங்கன்னு சொர்ணம் சொல்லுவா. கதவுகிட்ட நின்னா என்ன, காத்து போகாதா?

ஒண்ணு ரெண்டு நாள்ல காய்ச்சல். அப்புறம் இருமல். வறட்டு இருமல், சளியே இல்ல, ஆனா விடமாட்டேங்குது. நெஞ்சுல ஒரு பக்கம் குத்துதுன்னா. எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு வந்தா பேச முடியல, கைய ஆட்டி இருங்க இருங்கன்னு சொல்லுவா. ஒரு நாள் கைக்குட்டையில ரத்தம் இருந்துச்சு. மடிச்சுத் தலகாணிக்கு அடியில வச்சிருந்தா, எனக்குத் தெரியக்கூடாதுன்னு.

மதுரைக்குப் போகும்போது கார்ல என் தோள்ல சாஞ்சுக்கிட்டே வந்தா. ஒரு வாக்கியம் பேசுறதுக்குள்ள மூணு எடத்துல நிறுத்துவா. கூண்டுல... தண்ணி... வச்சீங்களான்னு கேட்டா. அவ மூச்சு இருந்த நெலமையில அதான் கேட்டா.

ஸ்கேன் எடுத்தாங்க. குழாய விட்டு நெஞ்சுக்குள்ள இருந்து தண்ணி எடுத்துப் பாத்தாங்க. பூஞ்சைன்னாங்க. நுரையீரல்ல பூஞ்சை பிடிச்சிருக்காம். எனக்கு ஒண்ணும் புரியல. ஊறுகாயில பூஞ்சை பிடிக்கும், பழைய ரொட்டியில பிடிக்கும். உசிரோட இருக்குற மனுசி நெஞ்சுக்குள்ள எப்படிப் பிடிக்கும்? உங்களுக்கும் எனக்கும் பிடிக்காது, எதுத்து நிக்க வெள்ளை அணு இல்லாதவங்களுக்குப் பிடிக்கும்னாரு டாக்டர். எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். மூச்சுக் காத்து வழியாத்தான்னு சொன்னாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பூரணத்தக்கா பேத்தி இருமுன இருமல்.

என்ன திடீர்னு நிமுந்து உக்காந்துட்டீங்க? என்ன வேலை பாக்கீங்க அண்ணாச்சி நீங்க? ஸ்கேன் சென்டர்ல படம் எடுக்குறவரா? அப்பச் சொர்ணம் மாதிரி நெறைய பேரப் பாத்திருப்பீங்க. அவ படத்த நானும் பாத்தேன். நெஞ்சுக்குள்ள வெள்ளை வெள்ளையா, பஞ்சு மாதிரி.

இருங்க, சொல்ல வந்ததச் சொல்லிருதேன். மறுநாள் டாக்டர் கட்டில்கிட்ட வந்து நின்னு ஒவ்வொண்ணாக் கேட்டாரு. வீட்டுப் பக்கம் கட்டட வேலை நடக்குதா? இல்ல. பழைய வீடு இடிச்சாங்களா? இல்ல. செவுத்துல ஈரம் ஓதம் இருக்கா? இல்ல. கோழி, புறா ஏதும் வளக்குறீங்களா?

நான் ஆமான்னு சொல்ல வாயத் தெறந்தேன். பெருமையாத்தான் சொல்லப் போனேன், இந்த மாதிரி ஒரு ஜோடி வாங்கி வச்சிருக்கேன் சார், காலையிலயும் சாயந்தரமும் காத்து படவச்சேன், அதாலதான் இத்தனை நாள் தாங்குனான்னு. அதுக்குள்ள சொர்ணம் என் கையப் பிடிச்சு அமுக்குனா. ஆக்சிஜன் மாஸ்க்க இன்னொரு கையால கீழ எறக்கி விட்டுட்டு, இல்ல டாக்டர், அதெல்லாம்... ஒண்ணும்... கெடையாதுன்னு சொன்னா. மாஸ்க்க எடுத்ததும் உதடு நீலமாயிருச்சு. நர்ஸம்மா ஓடி வந்து திரும்பப் போட்டுச்சு.

பாத்தீங்களா அண்ணாச்சி, புறா மேல அவளுக்கு இருந்த பாசத்த? டாக்டர்கிட்ட சொன்னா, அதத் தூக்கி வெளிய போடுங்கன்னு சொல்லிருவாருன்னு பயந்துட்டா. மூச்சு விட முடியாத நேரத்துல மாஸ்க்கக் கழட்டிப் பொய் சொல்றா, ரெண்டு புறாவுக்காக.

அப்புறம் எளநி குடிக்கணும் போல இருக்குன்னு என்னைய வெளிய அனுப்புனா. வாங்கிட்டு வந்து பாத்தா டாக்டர் இன்னும் அவ பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. அவ மெல்ல மெல்ல ஏதோ பேசுறா, அவரு தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டு இருக்காரு. என்னையப் பாத்ததும் ரெண்டு பேரும் நிறுத்திட்டாங்க. எளநிய அவ வாயிலயே வைக்கல. டாக்டர் எந்திரிச்சு வந்து என் தோள்ல கைய வச்சாரு. நீங்க உங்க வீட்டம்மாவ நல்லாப் பாத்துக்கிட்டீங்க, ஒரு கொறையும் வைக்கலன்னாரு. நான் கேக்கவே இல்ல, அவராச் சொன்னாரு. அவ்வளவு படிச்ச மனுசன். அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தான் இப்ப நடமாடிக்கிட்டு இருக்கேன்.

மருந்து வெலை கூடுன மருந்து, அதையும் ஏத்துனாங்க. கேக்கல. அவளால படுக்க முடியல. படுத்தா தண்ணிக்குள்ள அமுக்குற மாதிரி இருக்குங்கிறா. தலகாணிய மடியில வச்சு, அது மேல கவுந்து உக்காந்தே இருந்தா. பின்னால நான் உக்காந்து முதுகத் தடவிக்கிட்டு இருப்பேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு என் கையில தட்டும். பக்கத்துக் கட்டில்ல அந்த எஸ்தர் பிள்ளை இதையெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கும். அத்தை, நான் வேணா உங்களுக்குச் சேத்து மூச்சு விடட்டுமான்னு ஒரு நாள் கேட்டுச்சு. சொர்ணம் அந்தப் பக்கம் திரும்பி, நீ ஒனக்கு ஒழுங்கா விடு தாயின்னா.

மதினியப் பாக்கணும்னு கேட்டா. முடியாதுன்னுட்டேன். சண்டை போட்டேன் அண்ணாச்சி, மூச்சு விட முடியாதவ கூட. அவ கொண்டாந்து விட்ட சீக்கு, அவ மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்னு கேட்டேன். பூரணத்தக்கா கீழ வாசல்ல வந்து நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நான்தான் பாஸ் குடுக்கல. மதினி மேல... தப்பு இல்லங்கன்னா சொர்ணம். அப்ப யாரு மேல தப்பு, சொல்லுன்னு கேட்டேன். என் கைய எடுத்துக் கன்னத்துல வச்சுக்கிட்டா. கண்ணுல தண்ணியா ஓடுது. மதினிய நெனைச்சு அழுதான்னு நெனைச்சேன், எனக்கு இன்னும் கோவந்தான் வந்துச்சு.

கடைசியா அவ பேசுனதச் சொல்றேன். பெரிய டாக்டருங்க அவள ஐசியு கண்ணாடி ரூமுக்கு மாத்துறதுக்கு முன்னால. என்னையக் கிட்டக்க கூப்பிட்டா. காத அவ வாய்கிட்ட கொண்டு போனேன். புறாவத் தெறந்து விட்டுருங்க. யாருக்கும் குடுத்துறாதீங்க. யாருக்கும். கூண்ட ஒடைச்சுருங்க. ரூமப் பெருக்காதீங்க, தண்ணிய ஊத்திக் கழுவுங்க. மூக்குல துணி கட்டிக்கிட்டுக் கழுவுங்க. எனக்குச் சத்தியம் பண்ணுங்க. அவ்வளவையும் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சுங்கிறீங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. சாகக் கெடக்குறவ புருசன்கிட்ட எதையெதையோ சொல்லுவான்னு பாத்தா, இவ வீடு கழுவுறதச் சொல்றா. அவ எப்பவும் அப்படித்தான், வீடு சுத்தமா இருக்கணும். கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன். நீங்க நல்லா இருக்கணும்னா. அதுக்கப்புறம் அவ பேசல.

வீட்டுக்குக் கொண்டு வந்தப்போ பூரணத்தக்கா ஓடி வந்து கால்ல விழுந்து பிணத்தக் கட்டிக்கிட்டாங்க. இழுத்து விட்டேன். நீதான கொன்ன, இங்க என்ன அழுகைன்னு ஊரே கேக்கக் கத்துனேன். அவங்க முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டுத் தெருமுனையில போயி நின்னாங்க. சுடுகாட்டுக்குத் தேர் போகும்போது கூட அங்கதான் நின்னாங்க. அதுக்கப்புறம் அவங்க இருக்குற திசைக்கே நான் தலை வச்சுப் படுக்குறதில்ல. அவங்க வீடும் சாத்தூர்தான். இன்னைக்கு எஸ்தர் வீட்டுக்குக் கூட அந்தத் தெரு வழியாப் போகாம சுத்திப் போகணும்னுதான் இருக்கேன்.

சத்தியம் பண்ணுனபடி செஞ்சேன் அண்ணாச்சி. ரூமக் கழுவி விட்டேன். கூண்ட ஒடைச்சேன். புறாவத் தெறந்து விட்டேன். சாயந்தரம் பாத்தா ஜன்னல் கம்பியில வந்து உக்காந்திருக்கு, ரெண்டும். பெறவு அடுத்த ஊர்ல கொண்டு போயி விட்டேன். எனக்கு முன்னால வந்து உக்காந்திருக்கு. புறாவுக்கு அதான புத்தி, எங்க விட்டாலும் வீட்டுக்குத்தான் வரும். இப்ப மொட்டை மாடியில கெடக்குதுங்க. வெரட்டவும் மனசு வரல. மாப்பிள்ளை இன்னும் கோவமாத்தான் இருக்காரு.

யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னா. தெரியுது. ஆனா எஸ்தர் அவ பிள்ளை மாதிரி. அந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்குதுன்னா அவளே குடுன்னுதான சொல்லுவா? எறக்கைய அவுக்காம கொஞ்ச நாள் கட்டில்கிட்டயே வச்சிருந்தா புது வீடு பழகிரும். அப்புறம் காலையிலயும் சாயந்தரமும் கை தட்டச் சொல்லணும். அவங்க அம்மாவுக்கு எல்லாத்தையும் பக்குவமாச் சொல்லிக் குடுத்துட்டு வரணும். எச்சத்த அன்னன்னைக்கு...

என்ன? கொண்டு போக வேண்டாங்கிறீங்களா?

ஏன் அண்ணாச்சி? என் கைய இறுக்கிப் பிடிக்கிறீங்க. சுகமில்லயா?

ம்.

சத்தியம் சத்தியந்தாங்கிறீங்க. பொண்டாட்டி கடைசியாக் கேட்டது அது ஒண்ணுதாங்கிறீங்க. அதுல அந்தப் பிள்ளையும் சேத்திதாங்கிறீங்க. யாருக்கும்னா யாருக்குந்தான். ஆமா. ரெண்டு தடவை சொன்னா. யாருக்கும்னு ரெண்டாவது தடவை சொல்றதுக்கு ஒரு மூச்சச் செலவு பண்ணுனா. அப்ப அவகிட்ட இருந்ததே கொஞ்ச மூச்சுதான்.

எஸ்தருக்கு இருமல்ல? அதுக்கு? இன்னைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணுமா? நாளைக்கு வரைக்கும் கூட வைக்கக் கூடாதா? சரி. நீங்க படம் எடுக்குறவரு, தெரிஞ்சுதான் சொல்லுவீங்க. இருங்க, அவங்க அம்மாவுக்கு இப்பவே போன் போடுறேன்.

ஏ தாயி, நான் சொர்ணத்து வீட்டுக்காரன் பேசுறேன். பிள்ளையக் கூட்டிக்கிட்டு உடனே கெளம்பு. ஆமா, மதுரைக்குத்தான். சும்மா இருமல்தான்னு இருக்காத. கார் பிடிச்சுப் போ, நான் பின்னாலயே வந்துருதேன். இல்ல தாயி, ஒண்ணும் கொண்டு வரல. சும்மாதான் வந்தேன்.

சாத்தூர் வந்துருச்சு. நான் எறங்குறேன் அண்ணாச்சி. நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? நீங்க கோவில்பட்டி போகணும்ல? பரவால்லயா? சரி வாங்க. கூடைய நீங்க எடுக்க வேண்டாம். வேண்டாம்னா கேக்க மாட்டீங்களே.

இந்தப் பக்கம் வந்துருவோம், பஸ் வர்ற வழியில வேண்டாம். துண்ட எடுத்துருதேன். இதப் பிடிங்க, ரெண்டு கையாலயும், எறக்கைய ஒட்டி. இது பொண்ணு. சாதுவா இருக்கும். நூல மெதுவா அவுக்கணும், இல்லன்னா இறகு ஒடைஞ்சிரும். மாப்பிள்ளைய நானே பிடிச்சுக்கிடுறேன், உங்களக் கொத்திருவாரு.

ம். விடுங்க.

படபடன்னு காத்து மூஞ்சில அடிச்சுச்சு பாத்தீங்களா? இதுக்குத்தான் அவ கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பா. குளுகுளுன்னு இருக்குங்கன்னு சொல்லுவா.

ஒரு சுத்து சுத்திட்டு வடக்க திரும்பிருச்சு, வீட்டுக்குத்தான். நான் போயிச் சேர்றதுக்கு முன்னால ஜன்னல்ல உக்காந்திருக்கும்.

அண்ணாச்சி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? இத்தனை நாள் யாருகிட்டயும் கேக்கல. அந்த டாக்டர் எதுக்கு வீட்ல புறா வளக்குறீங்களான்னு கேட்டாரு?

இல்ல, வேண்டாம். சொல்லாதீங்க. வாயத் தெறக்காதீங்க. அவ சொல்லாமப் போயிட்டா. மாஸ்க்கக் கழட்டி, உதடு நீலமாகி, சொல்லாமப் போயிட்டா. நீங்களும் சொல்லாதீங்க.

உங்க பஸ்ஸு வந்துரும், போங்க. நான் இந்தத் தெரு வழியாப் போறேன். ஆமா, இதே தெருதான். சுத்திப் போகல. பால் டிப்போவத் தாண்டி மூணாவது வீடு, பச்சைக் கதவு. இந்நேரம் பூரணத்தக்கா வீட்லதான் இருப்பாங்க. மதுரைக்குப் பஸ் ஏறுறதுக்கு முன்னால போயி வாசல்ல நிக்கணும். என்ன சொல்றதுன்னு தெரியல, ஆனா நிக்கணும்.

கதவத் தெறப்பாங்களா அண்ணாச்சி?